மூன்று முறை வந்தோம், வீடு பூட்டியிருந்தது

நவம்பர் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. மூன்று இடத்தில் ஒழுகல். வாளி, குண்டான், பழைய பெயின்ட் டப்பா. என் கணவர் சேகருக்கு இடுப்பு வலி அதிகம். கன்டெய்னர் யார்டில் விழுந்து எட்டு மாதம் ஆகிறது, மழை பெய்தால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. யார்டுக்காரன் ஒருவன்கூட எட்டிப் பார்த்ததில்லை.

வாங்க: தைலம், மெழுகுவத்தி, செருப்புக்கு வார்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி. இருபத்தைந்து நிமிடம் நனைந்தேன். தண்டையார்பேட்டை கிரைண்டர் சர்வீஸ் கடைக்குப் போய்ச் சேரும்போது பத்தேகால். முதலாளி அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மழை வந்தால்தான் ஊரில் உள்ள கிரைண்டர் அத்தனையும் ஒன்றாகச் சாகும். போனைக் கீழே வைக்க முடியவில்லை. மதியத்துக்குள் முப்பத்தொரு புகார். மெக்கானிக் ஒரே ஆள், தில்லி. இன்னொருவன் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் வரவே இல்லை.

நாலு மணிக்கு தில்லி போன். "யக்கா, சப்வேல இடுப்பளவு தண்ணி நிக்குது. வண்டி போவாது. வியாசர்பாடி பக்கம் கீறது அஞ்சுக்கும் டி.எல். போட்டுடு."

போட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது சேகர் கேட்டார். "போன்ல டி.எல்., டி.எல்.னு சொல்றியே, இன்னாது அது?" சொன்னேன். டோர் லாக். மெக்கானிக் போனான், வீடு பூட்டியிருந்தது என்று அர்த்தம். ரிஜிஸ்டரில் மூன்று கட்டம்தான் உண்டு. முடிந்தது, பார்ட்ஸ் இல்லை, டி.எல். 'சுரங்கப்பாதையில் தண்ணீர்' என்று எழுதக் கட்டமில்லை. இரண்டு நாளில் முடியாத புகார் ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிவப்பாகும். சிவப்பு சேர்ந்தால் அண்ணாச்சியிடமிருந்து ஏஜென்சியைப் பிடுங்கிவிடுவார்கள். டி.எல். மட்டும் சிவப்பாகாது. மூன்று டி.எல். ஆனால் புகாரே ரத்து, வாடிக்கையாளருக்கு ஒரு போஸ்ட் கார்டு.

"அப்ப பூட்டாத வூட்டுக்கும் பூட்டு போட்டுனு கீறீங்க."

சாப்பிடுங்க என்றேன். ஆறு வருடமாக நடக்கிறது. புதிதாக என்ன.

நவம்பர் 11, புதன்

தூறல். வார் வாங்கவில்லை. ஊக்கு குத்திப் போட்டிருக்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் அண்ணாச்சி. முகமே சரியில்லை. கையில் கம்ப்யூட்டரில் எடுத்த ஒரு தாள். "ஏம்மா விமலா, இது ஒன் கையெழுத்துதான?"

என் கையெழுத்துதான். நான் எழுதின போஸ்ட் கார்டு. 'தங்கள் வீட்டிற்கு மூன்று முறை வந்தோம். வீடு பூட்டியிருந்தது. ஆகவே தங்கள் புகார் ரத்து செய்யப்படுகிறது.' தாளில் இருந்த படத்தில் அந்தக் கார்டை ஒரு அம்மாள் கையில் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நிற்கிறாள். வாசல் என்றால் வெறும் நிலைச்சட்டம். கதவே இல்லை. பழைய புடவை ஒன்று திரையாகத் தொங்குகிறது.

கஸ்தூரி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பு, தரை வீடு. கிரைண்டரில் மாவு ஆட்டி அக்கம்பக்கம் விற்கிறவள். நாலைந்து தடவை போன் செய்திருக்கிறாள். "மெக்கானிக் வருவாரும்மா" என்று நானே சொல்லியிருக்கிறேன். அவள் மகள் ரேவதி பாலிடெக்னிக்கில் படிக்கிறாளாம். பிள்ளைகள் எல்லோரும் விழுந்து கிடக்கிறார்களே அந்த நெட் பக்கம், அதில் வடசென்னை என்று ஒரு கம்யூனிட்டியாம். அதில் இந்தப் படத்தைப் போட்டுவிட்டாள். கீழே எழுதியிருந்தது:

"எங்க வூட்ல கதவே கெடையாது. போன மழைக்கே உளுத்துப் போச்சு. மூணு தபா பூட்டி கீதுன்னு கார்டு வருது. அந்தப் பூட்ட கொஞ்சம் காட்டுங்க சார், எங்களுக்கும் ஒண்ணு தேவப்படுது."

அதற்குக் கீழே ஊர்ப்பட்ட சிரிப்பு. 'எனக்கும் இதே கார்டு வந்தது' என்று திருவொற்றியூர்க்காரர் ஒருவர். எண்ணூரிலிருந்து ஒருத்தி. எல்லாம் நான் எழுதினவை.

"பெங்களூர்ல இருந்து மருமவன் போன் பண்ணுதான். மாமா, ஒங்க கட பேரு நாறுதுன்னு சொல்லுதான். பெங்களூர்லம்மா!" அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. முதலில் எனக்கு நானே பாவம்.

தில்லியைக் கேட்டேன். "யக்கா, ஒரு நாளிக்கி பதினாலு எடம். நா இன்னா பறந்தா போவ முடியும்?" அதுவும் சரிதான்.

நவம்பர் 12, வியாழன்

ஹெட் ஆபீசிலிருந்து ஒரு தம்பி வந்தார். டை கட்டியிருந்தார். மடியில் வைக்கிற கம்ப்யூட்டர். எனக்கும் தில்லிக்கும் அண்ணாச்சிக்கும் ஒரு மணி நேரம் பாடம்.

குறித்துக்கொண்டது:
முன்பெல்லாம் கோபப்பட்ட கஸ்டமர் பத்து பேரிடம் சொல்வார். இனி ஊருக்கே சொல்வார்.
நெட்டில் திட்டு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பதில்.
முதல் வார்த்தை 'வருந்துகிறோம்'.
கஸ்டமர் நம் நண்பர்.
போனில் பேசும்போது சிரித்தபடி பேசணும். சிரிப்பு குரலில் தெரியுமாம்.

நான் கேட்டேன், "சார், அந்தம்மா கிரைண்டர எப்ப சரி பண்றது?"

"அது சர்வீஸ் சைடு மேடம். நாம இப்ப இமேஜ் பத்திப் பேசறோம்."

வாயில் நன்றாக வந்தது. அடக்கிக்கொண்டேன். சம்பளம் வாங்குகிற வாய்.

போகும்போது அண்ணாச்சியைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அப்புறம் அண்ணாச்சி என்னிடம் வந்தார். நாளைக்கு பிரவுசிங் சென்டர் போய், வேறு வேறு பேரில் நம் சர்வீசைப் பாராட்டி நாலைந்து எழுதிப் போடணுமாம். "ஒனக்குத்தான் கையெழுத்து, வாசகம் எல்லாம் நல்லா வரும்."

என் வாசகம்! அதனால்தானே இந்தக் கதி.

நவம்பர் 13, வெள்ளி

போட்டேன். ஐந்து. பெயர்கள்: லலிதா, சுந்தர், மிஸஸ் மாத்யூ, பிரியா, ஒரு ரிட்டயர்ட் ஆசிரியர். எல்லோருக்கும் அடையாறு என்று ஊர் கொடுத்தேன். கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று. பக்கத்து நாற்காலியில் ஒரு காலேஜ் பையன், அவன் பார்த்துவிடுவானோ என்று முந்தானையால் ஸ்கிரீனை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பிழைப்பு.

மாலை சேகர் எழுந்து நாலு அடி நடந்தார். ஐந்தாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டார். "வேல இன்னா ஆச்சு?" என்றார். "நல்லாத்தான் போவுது" என்றேன். இந்த வீட்டில் இப்போது என் சம்பளம் மட்டும்தான். அதை அவர் முன்னால் சொல்லக்கூடாது. சொன்னால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

நவம்பர் 14, சனி

மாட்டிக்கொண்டேன். ரேவதி பதில் போட்டுவிட்டாள்:

"அடையாறுலேர்ந்து அஞ்சு பேரு கிரைண்டர தலமேல தூக்கினு தண்டையார்பேட்டைக்கு ரிப்பேருக்கு வந்தாங்களா? இன்னா பாசம் சார் உங்க மேல!"

தில்லி விழுந்து விழுந்து சிரித்தான். "யக்கோவ், ஒரு ராயபுரம், ஒரு காசிமேடுன்னு போட்டிருந்தா ஆராச்சும் நம்பியிருப்பான்ல?" எனக்கும் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. பாத்ரூமில் போய் நின்றேன். குழாயில் தண்ணீர் இல்லை.

அந்தப் பெண் கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தாள். 'எங்கம்மா மூணு வாரமா ஆட்டுக்கல்லுல ஆட்டுறாங்க. கை கொப்புளம்.' அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

தில்லியிடம் கேட்டேன். நாளை ஞாயிறு, ஒரு இரண்டு மணி நேரம் எனக்காக வருவாயா என்று. "சப்வே, யக்கா" என்றான். சுற்றிப் போகலாம் என்றேன்.

நவம்பர் 15, ஞாயிறு

போனோம். இரண்டு பஸ் மாறி, கொஞ்ச தூரம் நடை. ஒரு மணி நேரம் கூட. அவ்வளவுதான். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட யாரும் சுற்றிப் போனதில்லை.

அந்தத் தெருவில் பையன்கள் சேற்றிலேயே பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி வீடு கேட்டதும் ஒருவன், "கதவு இல்லாத வூடா? நேரா போங்க" என்றான். அதற்குள் தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

கஸ்தூரி என்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருக்கலாம். ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது. கம்பெனியிலிருந்து என்று சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க வாங்க. கதவத் தட்டிட்டு வாங்க."

தில்லி பையைக் கீழே வைத்துவிட்டு கிரைண்டரைக் கவிழ்த்தான். பெல்ட் அறுந்திருந்தது, கன்டன்சர் போயிருந்தது. இருபது நிமிடம். ஸ்விட்சைப் போட்டதும் கல் சுற்ற ஆரம்பித்தது. கஸ்தூரி அதையே பார்த்தாள். "இதுக்கா மூணு வாரம்?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

சொல்லிவிட்டேன். "அந்தக் கார்டு எழுதுனது நான்தாங்க."

கஸ்தூரி கிரைண்டரை அணைத்தாள். அப்புறம், "கையெழுத்து நல்லா கீதேன்னு எம்பொண்ணு சொல்லிகினு இருந்தா. இவ்ளோ நல்லா எய்துறவங்க ஏன் பொய் எய்துறாங்கன்னு."

அழுதுவிட்டேன். ரேவதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒல்லியாக, கண்ணாடி போட்ட பெண். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று கட்டம், சிவப்பு, சுரங்கப்பாதை, தில்லி ஒரே ஆள் என்று. ஏன் சொன்னேன்? யாராவது ஒருவருக்காவது தெரியட்டும் என்று இருந்தது.

"அப்ப நீங்களும் எங்கள மாரிதான்கா" என்றாள். போன் நம்பர் எழுதிக் கொடுத்தாள். ஏதாவது தேவையென்றால் கூப்பிடச் சொன்னாள். கஸ்தூரி ஒரு தூக்கில் மாவு ஊற்றிக் கொடுத்தாள். வேண்டாம் என்றேன், விடவில்லை. வீட்டுக்கு வந்து இட்லி ஊற்றினேன். சேகர் ஏழு சாப்பிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

நவம்பர் 17, செவ்வாய்

அந்தப் பெண் நல்லது செய்வதாக நினைத்துச் செய்துவிட்டாள். அவளைத் திட்ட முடியவில்லை.

எழுதியிருக்கிறாள்: "ஞாயித்துக்கெழம லீவு நாள்ல விமலா அக்கா வந்து எங்க கிரைண்டர சரி பண்ணி குடுத்தாங்க. சப்வேல தண்ணி நின்னா வீடு பூட்டி கீதுன்னுதான் எழுதணுமாம், வேற கட்டமே அந்த ரிஜிஸ்டர்ல இல்லியாம். தப்பு அவங்க மேல இல்ல, கம்பெனி மேல. தேங்க்ஸ்கா."

என் பெயரோடு. தேங்க்ஸோடு.

பதினோரு மணிக்கே ஹெட் ஆபீஸ் போன். அந்த டை கட்டின தம்பிதான். சிரித்தபடி பேசவில்லை. உள் விஷயத்தை வெளியே சொன்னது யார், ஏன், எவ்வளவு நாளாக.

அண்ணாச்சி மதியம் என்னைக் கூப்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். டீ வந்தபோதே புரிந்துவிட்டது.

"விமலா, ஒனக்கு நா என்னம்மா கொற வச்சேன்? ஒரு கடுதாசி மட்டும் எழுதிக் குடுத்துரு. டி.எல். எல்லாம் நானாப் போட்டது, மொதலாளிக்குத் தெரியாதுன்னு. நா ஹெட் ஆபீஸ்ல பேசி ஒன்ன வேற கடையில சேத்து விடுதேன்."

"தில்லி போன் பண்ணி சொல்றப்ப நீங்க பக்கத்துலதான அண்ணாச்சி இருப்பீங்க?"

"இருந்தேன். யாரு இல்லன்னா? இந்த ஏஜென்சி போச்சுன்னா நா எங்கம்மா போவேன், சொல்லு."

எழுத மாட்டேன் என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். தில்லி பல்லி மாதிரி சுவரோரமாக நின்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கும் இரண்டு குழந்தைகள்.

நவம்பர் 18, புதன்

ஆபீஸ் வாசலை மிதிக்க வேண்டாம் என்று முனைக் கடை போனுக்குத் தகவல். விசாரணை முடியும்வரை வேலை இல்லை. ஹெட் ஆபீஸ் ஆள் வீட்டுக்கே வந்து நான் சொல்வதை எழுதிக்கொள்வாராம். மூன்று நாளைக்குள் எப்போது வேண்டுமானாலும் வருவார், வீட்டிலேயே இருக்கவும். நான் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு.

சேகரிடம் சொல்லியாக வேண்டியதாகிவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியே, "கேட்டா தெகிரியமா சொல்லு. எனுக்காக எதியும் மய்ப்பாத" என்றார். மழுப்பத்தான் ஆறு வருடமாகச் சம்பளம் வாங்கினேன்.

வருகிறவரிடம் சொல்ல:
1. ரிஜிஸ்டரில் நாலாவது கட்டம் வேண்டும். 'எங்களால் வர முடியவில்லை' என்று. அதைச் சிவப்பாக்காதீர்கள்.
2. மழை மாதத்துக்கு இன்னொரு மெக்கானிக்.
3. நெட்டில் திட்டினால் முதலில் ஆள் அனுப்புங்கள், பிறகு 'வருந்துகிறோம்'.
4. பொய்ப் பாராட்டு வேண்டவே வேண்டாம். (அடையாறு சமாசாரத்தைச் சொல்வதா?)
5. அண்ணாச்சி கெட்டவர் இல்லை. பயந்தவர்.
6. என் வேலை. இதை முதலில் கேட்பதா, கடைசியிலா?

நவம்பர் 19, வியாழன்

வரவில்லை. வீடு பெருக்கி, துடைத்து, நாற்காலி மேல் நல்ல துண்டு விரித்து வைத்திருந்தேன். பாக்கெட் பால் இரண்டு. மழை. கதவைச் சாத்தவே இல்லை, தட்டி எனக்குக் கேட்காமல் போய்விட்டால்?

கக்கூஸுக்குக்கூட ஓடிப் போய் ஓடி வந்தேன். நேற்று எழுதினதை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 20, வெள்ளி

வரவில்லை. பால் திரிந்துவிட்டது.

கேட்டில் காலையிலிருந்து கூட்ஸ் வண்டி மேல் கூட்ஸ் வண்டி. சத்தம் இங்கே கேட்கிறது.

நவம்பர் 21, சனி

காலை ஆறிலிருந்து இருட்டும்வரை வாசலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு மல்லிகா, "இன்னாமே, மாப்ள வூட்டுக்காரங்க வராங்களா?" என்று கேலி. பொய்யாகக்கூடச் சிரிக்க வரவில்லை.

வரவில்லை. ஒருவேளை திங்கட்கிழமை என்று இருக்குமோ? இருட்டினதும் முனைக் கடைக்கு ஓடிப் போய் போன் பண்ணினேன், எடுக்கவில்லை.

சேகர் மாத்திரை இரண்டே இருக்கிறது. பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. சாமி, ஒரே ஒரு ஆள். வந்து கேட்டால் போதும். நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

நவம்பர் 24, செவ்வாய்

பெருமழை. பதினொன்றரைக்கு ரிஜிஸ்டர் தபால். தபால்காரர் முழங்கால் வரை சேறு. கேட் போட்டிருந்ததாம், சைக்கிளை அந்தப் பக்கமே பூட்டி வைத்துவிட்டு நடந்து வந்திருக்கிறார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

'விசாரணைக்காகத் தங்கள் வீட்டிற்கு மூன்று முறை வந்தோம். வீடு பூட்டியிருந்தது. ஆகவே...'

என் வரி. ஆறு வருடத்துக்கு முன்னால் அண்ணாச்சி கேட்டு நான் எழுதிக் கொடுத்த வரி. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. 'ஆகவே'க்குப் பிறகுதான் வேறு. வேலை போய்விட்டது.

கேட் போட்டிருக்கும். ஹெட் ஆபீஸ் ஆள் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் பார்த்திருப்பார். திரும்பிப் போயிருப்பார். அவரிடமும் மூன்று கட்டம்தான் இருந்திருக்கும். எனக்கா தெரியாது.

சேகர் கடிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். "நா உள்ளதான மே படுத்துகினு கீறேன்? என்னியும் சேத்தா பூட்டினானுங்க?" என்றார். சொல்லிவிட்டு அழுதார். யார்டில் விழுந்த அன்றுகூட இவர் அழவில்லை.

பூட்டைத் தேடினேன். எதற்கு என்று தெரியவில்லை, தேடினேன். பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. துரு. அவர் விழுந்த நாளிலிருந்து இந்த வீட்டைப் பூட்டவே இல்லை. சாவி எங்கே என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை.

குடை எடுத்துக்கொண்டு முனைக் கடைக்குப் போய் ஒரு ரூபாய் போனில் ரேவதியைக் கூப்பிட்டேன். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நான்தான்கா உங்க பேர போட்டேன், என்னாலதான்கா" என்று தேம்பினாள். அதெல்லாம் இருக்கட்டும், உன் கேமரா போனை எடுத்துக்கொண்டு வா, என் வாசலை ஒரு படம் எடுக்கணும் என்றேன். படத்தில் நானும் நிற்பேன், கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. இவரும் உள்ளே தெரியணும்.

"சப்வேல மறுபடி தண்ணி நின்னுகினு கீதுக்கா" என்றாள். இன்னொரு ரூபாய் போட்டேன்.

"சுத்தி வரேன்கா. ஒரு மணி நேரம் கூட ஆவும். இருங்க."

வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கதவு திறந்தபடி இருக்கிறது. சாரல் உள்ளே அடித்துச் சேகரின் பாய் வரை நனைகிறது. சாத்தச் சொல்லி அவர் கேட்கவில்லை.